ஏழில் இரண்டு

ராஜாக்களுக்கு முன்பே ஏரிகள் இருந்தன. அப்படி ஒரு பழைய ஏரியைத் தானே வெட்டியது போல நினைத்துக்கொண்டு, கருவேல நாட்டை ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். அவன் பெயர் வேற்கண்டன். கதை சொல்கிறவர்கள் ராஜாவை நல்லவன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்கள். நான் சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அதுவும் தவிர, இது ராஜாவின் கதை இல்லை. அவனுடைய அரண்மனைக் கணக்கர் எழினியாரின் கதை.

எழினியாரைப் போலக் கணக்குப் போட எட்டு நாட்டிலும் ஆள் கிடையாது என்று பேர். அவர் சரியாகப் போடுவார் என்பதற்காக வந்த பேர் இல்லை அது. சீக்கிரமாகப் போடுவார் என்பதற்காக வந்த பேர்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா ஒரு கணக்கைக் கேட்பான். கேட்டுவிட்டு ஒரு வெற்றிலையை எடுப்பான். காம்பைக் கிள்ளுவான். சுண்ணாம்பைத் தடவுவான். மடிப்பான். அந்த வெற்றிலை வாய்க்குள் போவதற்குள் எழினியார் விடை சொல்லியாக வேண்டும். கணக்குக்கும் வெற்றிலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட வெற்றிலை எழினியாரை முந்தியதில்லை.

இனி ஏரிக்கு வருவோம். அந்த ஏரிக்கு ஒரே ஒரு மதகு. அதன் தண்ணீர் மூன்று இடங்களுக்குப் போனது. மேலக்குடி என்ற ஊருக்கு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம். புன்னைக்குடி என்ற ஊருக்கு நான்கில் ஒரு பங்கு நேரம். மிச்ச நேரம் முழுவதும் ராஜாவின் பண்ணைக்கு.

மதகைக் காத்தவள் வெள்ளச்சி. மேலக்குடியில் வாக்கப்பட்டவள். அவள் கையில் ஒரு செம்பு வட்டில் இருந்தது. அதன் அடியில் ஊசித் துளை. அதைத் தண்ணீரில் மிதக்க விட்டால், துளை வழியே தண்ணீர் ஏறி, ஒரு நாழிகையில் முழுகும். முழுகினால் எடுத்துக் கவிழ்த்துவிட்டு மறுபடி மிதக்க விடுவாள். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் அறுபது வட்டில்.

வெள்ளி முளைக்கும்போது மேலக்குடிக்கு மடையைத் திறப்பாள். இருபது வட்டில் முழுகியதும் புன்னைக்குடிக்குத் திருப்புவாள். பதினைந்து வட்டில் முழுகியதும், விளக்கு வைக்கிற நேரமாக இருக்கும், ராஜாவின் பண்ணைக்குத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்குவாள். அறுபதில் மூன்றில் ஒன்று இருபது. நான்கில் ஒன்று பதினைந்து. இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்ததில்லை. வருஷக்கணக்கில் வட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் தெரியாமல் போகுமா?

ஒரு கோடையில் இரண்டு ஊர் வாய்க்கால்களும் கோரை மண்டித் தூர்ந்துபோயின. "ரெண்டு வாய்க்கால் எதுக்கு? ரெண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே பெரிய வாய்க்காலாக வெட்டுங்கள்," என்றான் ராஜா. நல்ல யோசனைதான். வெட்டினார்கள். வாய்க்கால் ஒன்றானால் பங்கும் ஒன்றாக வேண்டும் அல்லவா? அந்தப் பங்கு எவ்வளவு என்று கல்லில் வெட்டி மதகின் மேல் நட வேண்டும் என்று ஊரார் கேட்டார்கள்.

அன்றைக்கு ராஜா வேட்டைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். வாசலில் குதிரை நிற்கிறது.

"எழினியாரே! மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. ரெண்டும் சேர்ந்தால் எவ்வளவு?"

கேட்டுக்கொண்டே வெற்றிலையை எடுத்தான். காம்பைக் கிள்ளவில்லை. சுண்ணாம்பைத் தடவவில்லை. அப்படியே மடித்து வாய்க்குக் கொண்டுபோனான்.

எழினியார் அந்த வெற்றிலையையே பார்த்தார். பதினோரு வருஷப் பேர் ஒரு வெற்றிலையில் போகப் போகிறது. ஒன்றும் ஒன்றும் இரண்டு. மூன்றும் நான்கும் ஏழு. அவ்வளவுதான் அவருக்குள் ஓடியது.

"ஏழில் இரண்டு!" என்றார்.

வெற்றிலை உதட்டைத் தொட்டு நின்றது. "இதுதான் எழினியார்!" என்றான் ராஜா. சபை கைதட்டியது. ராஜா தன் தோள் துண்டை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டு வேட்டைக்குப் போனான். மறுநாளே கல் தச்சன் உளியை எடுத்தான். "இரண்டு ஊருக்கும் ஏழில் இரண்டு" என்று எழுத்து ஏறியது. வட்டில் கணக்கில் அது பதினேழும் கொசுறும் என்று அரண்மனை ஆள் வந்து வெள்ளச்சியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

நீங்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். ஆனால் அந்தச் சபையில் முந்நூறு பேர் இருந்தார்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்பதையும் நினைத்துக்கொண்டு சிரியுங்கள்.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மேளம் அடித்தார்கள். "முன்னாடி நமக்கு ஒண்ணு. இப்போ ரெண்டு!" என்று மேலக்குடிக்காரர்கள் சொன்னார்கள். "நமக்கும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. இப்போ ரெண்டு!" என்று புன்னைக்குடிக்காரர்கள் சொன்னார்கள். எதில் இரண்டு என்று யாரும் பார்க்கவில்லை.

வெள்ளச்சி மட்டும் மேளம் கேட்கப் போகவில்லை. வட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஊர்த்தலைவரிடம் போனாள். "அரண்மனைக் கணக்கு, உனக்கெல்லாம் புரியாது. போய் மடையைப் பாரு," என்றார் அவர்.

பிறகு ஏரிக் காவல் அதிகாரியிடம் போனாள். "கல்லில் இருப்பதற்கு மேல் ஒரு சொட்டு விட்டாலும் கை இருக்காது," என்றான் அவன்.

மூன்றாவதாக எழினியாரின் வீட்டுக்கே போனாள். இரண்டு கல் தூரம் நடந்து, விடிந்ததும் விடியாததுமாக வாசலில் போய் நின்றாள். அவர் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் மதகு வெள்ளச்சி. ஒரே ஒரு சந்தேகம்."

அவர் வாயில் குச்சியோடு தலையை ஆட்டினார்.

"முன்னாடி மேலக்குடிக்கு இருபது வட்டில் விட்டேன். புன்னைக்குடிக்குப் பதினஞ்சு. இப்போ ரெண்டு ஊருக்கும் சேர்த்துப் பதினேழும் கொசுறும் விடச் சொல்றாங்க. மேலக்குடி தனியா இருந்து வாங்கினதே இருபதுங்க. புன்னைக்குடியையும் கூட்டிக்கிட்டு வாங்குறது பதினேழு. கூட்டினா குறையுமாங்கய்யா?"

குச்சி அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

கூட்டினால் குறையுமா? இது ஒரு குழந்தை கேட்கக்கூடிய கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்க ஏடு வேண்டாம், எழுத்தாணி வேண்டாம், சபை வேண்டாம்.

"நாளைக்கு வா. ஏட்டைப் பார்த்துச் சொல்கிறேன்," என்றார்.

"நாளைக்கு வரைக்கும் பயிர் நிக்குங்க. அதுக்கப்புறம் சொல்ல முடியாது," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

எழினியார் ஏட்டைத் தேடவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு பிடி, இன்னொரு பிடி, மூன்றாவது பிடி என்று புளியங்கொட்டையை அள்ளிக்கொண்டு வந்து உள்ளே உட்கார்ந்தார். அறுபது எண்ணி வைத்தார். அவருடைய மனைவி வடிவு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, பல்லாங்குழி ஆடப் போறீங்களா? சொன்னா நானும் வருவேனே."

அவர் கொட்டைகளை மறுபடி எண்ணினார்.

"ஏன் இப்படி வேர்க்குது?"

"வெயில்."

"இப்பத்தானே விடிஞ்சுது," என்றாள் அவள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அறுபதை மூன்று குவியலாக்கினார். ஒரு குவியலில் இருபது. எடுத்துத் தனியே வைத்தார். மறுபடி அறுபதையும் சேர்த்து நான்கு குவியலாக்கினார். ஒரு குவியலில் பதினைந்து. இருபதும் பதினைந்தும் முப்பத்தைந்து. பிறகு அறுபதை ஏழாகப் பிரிக்கப் பார்த்தார். குவியலுக்கு எட்டு வந்து, நான்கு கொட்டை மிஞ்சி, பிரிய மாட்டேன் என்று கிடந்தன. அதில் இரண்டு குவியல் பதினாறு. மிஞ்சியதில் பங்கு போட்டால் பதினேழும் கொசுறும்.

முப்பத்தைந்து எங்கே, பதினேழு எங்கே!

மூன்றாக வெட்டிய துண்டு பெரியது. நான்காக வெட்டிய துண்டு சின்னது. ஒரு படியையும் ஓர் உழக்கையும் பக்கத்தில் வைத்து "ரெண்டு" என்றால், கடைத்தெருவில் நிற்கிற எவனும் "ரெண்டு என்னய்யா?" என்று கேட்பான். மூன்று என்பதும் நான்கு என்பதும் துண்டின் அளவைச் சொல்ல வந்தவை. அவற்றைப் போய்க் கூட்டி வைத்திருந்தார் நாட்டின் பெரிய கணக்கர். இரண்டு துண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு அல்லவா கூட்ட வேண்டும்? வெள்ளச்சிக்கு அந்தத் தொல்லையே இல்லை. அவள் எல்லாவற்றையும் வட்டிலில் அளந்தாள். எந்த ஊருக்கு விட்டாலும் வட்டில் ஒரே வட்டில்தான்.

அப்போதே எழுந்து அரண்மனைக்கு ஓடியிருக்கலாம். யாரும் செய்யாத தப்பை அவர் செய்துவிடவில்லை. அவசரத்தில் நாக்கு முந்திவிட்டது என்று சொன்னால் உலகம் என்ன இடிந்தா போகும்?

ஆனால் எழினியாருக்குக் கைதட்டல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கொட்டைகளை வாரி அடுப்படியிலேயே போட்டார்.

மறுநாள் வெள்ளச்சி வந்தபோது, "ஐயா இல்லை" என்று வேலைக்காரனைச் சொல்லச் சொன்னார். சன்னலோரம் நின்று, அவள் திரும்பி நடந்து போவதைப் பார்த்தார். அது முதல் மௌனம்.

இதற்குள் வயல்கள் வெடித்துவிட்டன. கதிர் பிடிக்கிற நேரத்தில் நெற்பயிர் சருகாகி நின்றது. முன்பெல்லாம் விளக்கு வைக்கிற வரைக்கும் ஓடிய வாய்க்கால், இப்போது உச்சிப் பொழுதுக்கு முன்னாலேயே வற்றியது. ஊரார் கரை மேல் ஏறிப் பார்த்தார்கள். வெள்ளச்சி ராஜாவின் பண்ணைக்கு மடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பண்ணை கழுத்தளவு பச்சையில் நின்றது.

"ஏய் வெள்ளச்சி! எங்க தண்ணியை எவனுக்கு வித்தே?"

"கல்லுல இருக்கிறபடிதான் விடுறேன். பதினேழும் கொசுறும்."

"கல்லுல ரெண்டுன்னு இருக்கு! முன்னாடி ஒண்ணுக்கே பொழுது சாய்ற வரைக்கும் வந்துச்சு. ரெண்டுக்கு உச்சி வரைக்கும்தானா? யாரு காதுல பூ சுத்துறே?"

"அதைத்தானே நானும் கேக்குறேன்!" என்று கத்தினாள் அவள். யார் கேட்டார்கள்? கல் பொய் சொல்லாது. ராஜா பொய் சொல்ல மாட்டான். எழினியார் கணக்கு தப்பவே தப்பாது. மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் மேல் போட்டுவிட்டார்கள்.

தண்ணித் திருடி என்று தெருப் பிள்ளைகள் பாட்டுக் கட்டினார்கள். கிணற்றடியில் அவளுக்கு யாரும் வாளி தரவில்லை. அவள் புருஷன் சடையன் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் போய்ப் படுத்தான். அவளிடம் பேசுவதை விட்டுவிட்டான்.

ஊர்த்தலைவர் ஒரு கட்டுக் காய்ந்த பயிரோடு சபைக்கு வந்தார். ராஜா அதைப் பார்த்தான். பிறகு எழினியாரைப் பார்த்தான்.

"கணக்கு சரிதானே, எழினியாரே?"

ஒரு வார்த்தை போதும். "இல்லை" என்று ஒரு வார்த்தை.

"கல்லில் உள்ளபடி விட்டால், அரசே, குறை வர நியாயமில்லை," என்றார் எழினியார்.

அந்த வாக்கியத்தைப் பாருங்கள். வெளியில் அது கணக்கைப் பற்றிப் பேசுகிறது. உள்ளே ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்து முன்னால் தள்ளுகிறது. அது இரண்டாவது மௌனம். வாய் திறந்து பேசினாலும் மௌனம்தான்.

"அப்படியானால் மதகுக்காரிதான் திருடி," என்றான் ராஜா. தண்ணீர் திருடியவருக்கு அந்த நாட்டில் ஒரே தண்டனை. கழுத்தில் மண்வெட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, பறை அடித்துக்கொண்டே எல்லை வரை நடத்திப்போய், நாட்டை விட்டே துரத்திவிடுவார்கள். அப்புறம் எந்த ஊரும் சேர்க்காது. எட்டாம் நாள் ஏரிக்கரையில் ஊரார் முன்னால் நடக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

அந்த எட்டு நாளும் எழினியார் சாப்பிட்டது கொஞ்சம், தூங்கியது அதைவிடக் கொஞ்சம். ஆனால் யோசித்தது நிறைய. முதலில், அடுத்த போகத்தில் ரகசியமாகக் கல்லை மாற்றிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த போகத்தில் வெள்ளச்சி எங்கே இருப்பாள் என்பதை நினைக்கவில்லை. பிறகு, வேறு நாட்டில் அவளுக்கு ஒரு துண்டு நிலம் கிடைக்க வழி செய்யலாம் என்று நினைத்தார். திருடி என்ற பேருக்கு மருந்து நிலத்தில் விளையுமா என்று நினைக்கவில்லை. கடைசியாக, தன் பேர் போனால் அரண்மனையின் பேர் போகும், அரண்மனையின் பேர் போனால் நாட்டின் பேர் போகும், ஆகவே நாட்டுக்காகத்தான் தான் வாய் திறக்காமல் இருப்பதாகவும் நினைத்துக்கொண்டார். படித்தவர்களுக்குக் கோழைத்தனத்துக்குக்கூட நல்ல நல்ல பேர் வைக்கத் தெரியும்.

எட்டாம் நாள் காலையில் ஏரிக்கரை நிறையக் கூட்டம். நடுவில் வெள்ளச்சி, கையில் வட்டிலோடு. அவள் காலடியில் மண்வெட்டியும் கயிறும். கல்லுக்குக் கீழே ராஜாவின் ஆசனம். அவன் வலது பக்கத்தில் எழினியார், போர்த்திய துண்டோடு.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜாவுக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, இரக்கம் வந்துவிட்டது. "பெண்ணே, இத்தனை காலம் மதகைக் காத்திருக்கிறாய். ஒரு முறை தப்பு செய்துவிட்டாய். நான் மன்னிக்கிறேன். 'செய்தேன், மன்னியுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல். வீட்டுக்குப் போகலாம்," என்றான்.

எழினியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதோ வழி பிறந்துவிட்டது! அவளும் பிழைப்பாள், தன் பேரும் பிழைக்கும், கல்லும் அப்படியே நிற்கும். சொல்லிவிடு அம்மா, சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினார். அது மூன்றாவது மௌனம். மூன்றிலும் கேவலமானது அதுதான்.

வெள்ளச்சி கும்பிடக்கூட இல்லை.

"செய்யாத தப்புக்கு எதுக்கு ராசா மன்னிப்பு? நான் மன்னிப்பு வாங்கிக்கிட்டா, பயிர் காஞ்சது என்னாலேன்னு ஆயிடும். நாளைக்கும் பதினேழுதான் விடுவேன். நாளைக்கும் காயும். அப்புறம் யாரைத் திருடிங்கறது? கட்டுங்க கயிறை."

காவலன் குனிந்து மண்வெட்டியை எடுத்தான். கயிற்றை அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டான். அவள் முடி கயிற்றில் சிக்கிக்கொண்டது. அவளே கையை உயர்த்தி, முடியை விலக்கிக் கொடுத்தாள்.

அதுதான் எழினியாரால் தாங்க முடியாமல் போனது. வாதம் இல்லை, நியாயம் இல்லை. கயிறு போடுகிறவனுக்கு வசதியாக அவள் முடியை விலக்கிக் கொடுத்தது.

"கணக்கு தப்பு," என்றார்.

யாருக்கும் கேட்கவில்லை. முன்னால் வந்து நின்று மறுபடி சொன்னார். "கணக்கு தப்பு. அந்தக் கல் தப்பு. அவள் கேட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒளிந்துகொண்டேன்."



"எழினியாரே," என்றான் ராஜா மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு. "இதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே."

"தனியாகச் சொன்னால் அவள் தனியாகத்தான் திருடி இல்லை என்று ஆவாள், அரசே. திருடி என்று ஊர் கூடியல்லவா சொன்னோம்?"

பிறகு அவர் வெள்ளச்சியின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் கையிலிருந்த வட்டிலைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, முன்பு மேலக்குடிக்கு எத்தனை வட்டில்?"

"இருபது."

"புன்னைக்குடிக்கு?"

"பதினஞ்சு."

"சேர்த்தால்?"

"முப்பத்தஞ்சு. இதுக்குப் பெரிய படிப்பு வேணுமா?"

கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவனைத் தொடர்ந்து சிரிப்பு பரவியது. எழினியார் தலையைக் குனிந்துகொண்டு அது அடங்கும் வரை நின்றார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இத்தனை நாளும் அவர் வாய் திறக்காமல் இருந்தார். வந்தது, அடங்கியது, அவ்வளவுதான். அதற்காகவா ஒருத்தியின் கழுத்தில் கயிறு விழும் வரை காத்திருந்தோம் என்று நினைத்தபோது, சிரிப்பைவிட அந்த நினைப்புதான் அவரைச் சுட்டது.

"அப்போ மிச்சம் பதினெட்டு வட்டில் தண்ணி எங்கே போச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது. ராஜாவின் பண்ணை பச்சைப்பசேல் என்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ராஜாவும் பார்த்தான். இந்த வருஷம் தன் அதிர்ஷ்டம் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த விளைச்சல் அது. அவன் ஆசனத்திலிருந்து எழுந்து, தன் கையாலேயே அவள் கழுத்துக் கயிற்றை எடுத்தான். பண்ணையில் அறுப்பது அத்தனையும் இரண்டு ஊருக்கும் போகட்டும் என்றான். கல்லைப் பிடுங்கச் சொன்னான். குரலில் கம்பீரம் இல்லை.

"இவரை என்ன செய்யலாம், நீயே சொல்," என்றான் வெள்ளச்சியிடம்.

மண்வெட்டியை அவர் கழுத்தில் கட்டச் சொல்வாள் என்று கூட்டம் எதிர்பார்த்தது. எழினியாரும் எதிர்பார்த்தார். அதை அவர் விரும்பினார் என்றுகூடச் சொல்லலாம். நாட்டை விட்டுப் போய்விட்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் அல்லவா?

"அவர் எங்கேயும் போக வேண்டாம்," என்றாள் வெள்ளச்சி. "ரெண்டு ஊர்லயும் சேர்த்து நூத்திப் பதினெட்டு வீடு இருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் போகட்டும். உட்கார்ந்து, எங்கே தப்பா கூட்டினாருன்னு அவங்களுக்குப் புரியுற வரைக்கும் சொல்லட்டும். புரியாம யாரும் தலையை ஆட்டக் கூடாது. அதுதான் வேணும்."

மறுநாள் எழினியார் மேலக்குடியின் முதல் வீட்டுக்குப் போனார். பழக்க தோஷம், வேகமாகச் சொன்னார். அந்த வீட்டுக்காரி, "ஒண்ணும் விளங்கலையே," என்றாள். மறுபடி சொன்னார். "இன்னும் விளங்கலை." பன்னிரண்டு புளியங்கொட்டை கொடு என்று கேட்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"இதுதான் ஒரு நாள். மூன்றாகப் பிரி. ஒரு பங்கில் எத்தனை?"

"நாலு."

"நான்காகப் பிரி."

"மூணு."

"இப்போது எல்லாம் ஒரே கொட்டை. பெரிசு சின்னது இல்லை. கூட்டு."

"நாலும் மூணும் ஏழு. பன்னிரண்டில் ஏழு."

"அதுதான் உங்கள் பங்கு. பாதிக்கு மேலே. நான் கொடுத்தது மூன்றில் ஒன்றுக்கும் கீழே."

"பன்னிரண்டு எதுக்கு? பத்து வெச்சா ஆகாதா?" என்று கேட்டாள் அவள்.

"பத்து மூன்றாகவும் பிரியாது, நான்காகவும் பிரியாது. ரெண்டு விதமாகவும் மிச்சமில்லாமல் பிரிகிற எண் வேண்டும்."

பதினோரு வருஷத்தில் அவரிடம் யாரும் "எதுக்கு" என்று கேட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல் முறை. இந்த ஒரு கேள்விக்கு அந்தச் சபையில் இடம் இருந்திருந்தால், ஒரு போகம் காய்ந்திருக்காது.

சில வீடுகளில் மோர் கொடுத்தார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். திறக்கும் வரை வாசலில் நின்றார். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் காய்ந்த வைக்கோலை அவர் மடியில் போட்டு, "இதையும் எண்ணு," என்றார். எண்ணினார்.

நூற்றுப் பதினெட்டாவது வீடு வெள்ளச்சியின் வீடு. அவள் மதகில் இருந்தாள். சடையன் வாசலில் பாயில் உட்கார்ந்திருந்தான். எழினியார் எதிரில் உட்கார்ந்து பன்னிரண்டு கொட்டையை வைத்தார். நாலு. மூணு. ஏழு. எல்லாம் சொல்லி முடித்தார்.

"அப்போ அவ திருடலையா?" என்றான் சடையன்.

"இல்லை."

"அவ அன்னைக்கே சொன்னா. பதினேழுதான் விடச் சொல்றாங்க, ஏதோ தப்பு இருக்குன்னு. இதே வாசல்ல நின்னு சொன்னா."

"என்னிடமும் சொன்னாள்."

"கூட இருக்கிறவ சொன்னதை விட்டுட்டு நான் கல்லை நம்பிட்டேன்யா."

நூற்றுப் பதினேழு வீட்டில் எழினியார் ஒருவர்தான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டில் இரண்டு பேர்.

அப்போது வெள்ளச்சி வந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள். நடுவில் கிடந்த கொட்டைகளையும் பார்த்தாள். அவள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தவளிடம், "வெள்ளச்சி..." என்றான் சடையன்.

"அப்புறம் பேசலாம். முப்பத்தி நாலு முழுகியாச்சு, இன்னும் ஒரு வட்டில்தான்," என்று சொல்லிவிட்டு அவள் கரையைப் பார்த்து நடந்தாள்.

கேட்டீர்களா? வெவ்வேறு அளவில் வெட்டிய பங்குகளை ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் கூட்டுவது பிழை, ஆனால் பிழையென்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல், கேள்வி கேட்டவள் தலையில் அதைக் கட்டுவதுதான் பாவம்.